தொட்டியில் பிளீச்சிங் வாசனை

அம்மா,

நேற்று தளி ரோட்டில் ஒரு கோழிக் கொட்டாய்க்குப் போயிருந்தேன். மருந்து கலப்பதற்காகத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை குப்பென்று வந்தது. "பிளீச்சிங் போட்டீங்களாக்கா?" என்று கேட்டேன். கொட்டாய்க்கார அக்கா என் முகத்தைப் பார்க்காமல், "நனகேனு கொத்து" என்றார். எனக்கென்ன தெரியும் என்று கன்னடத்தில். நீயும் பொய் சொல்லும்போது மட்டும் கன்னடத்துக்கு மாறிவிடுவாய்.

நம் கொட்டாயில் குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து சாகத் தொடங்கிய கோடை நினைவுக்கு வந்தது. கம்பெனி இறக்கும் குஞ்சை வளர்த்துத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் பிழைப்பு. எந்த ஆன்டிபயாடிக்கும் கேட்கவில்லை. "அடுத்த பேட்ச்சும் இப்பிடியே போச்சுன்னா உங்களுக்குக் குஞ்சு எறக்க மாட்டாங்கம்மா" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். அன்று நாம் இரண்டு பேரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்போதுதான் நான் ஓசூரில் அந்தச் சின்ன ஆய்வகத்தில் சேர்ந்திருந்தேன். பாக்டீரியாவை மட்டும் தாக்குகிற வைரஸைக் கோழிகளுக்கு மருந்தாக்கும் இடம். அந்த வைரஸைப் பேஜ் என்பார்கள். மேலாளரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு ஒரு பாட்டில் வாங்கி வந்தேன். நீ மூடியைத் திறந்து மோந்து பார்த்தாய்.

"என்னாது இது?"

"வைரஸும்மா."

"ராணிக்கெட் நோவும் வைரஸுதான? கொட்டாயே காலியாச்சே அன்னிக்கு!"

"அது கோழியப் புடிக்கும். இது கழிச்சல் கிருமிய மட்டுந்தான் புடிக்கும். உள்ள பூந்து, பெருகி, அத ஒடச்சிட்டு வெளிய வரும். கோழியத் தொடாது, நம்மளயும் தொடாது."

"கிருமி தீந்துபோச்சுன்னா அப்புறம் எதத் திங்கும்?"

"ஒண்ணும் கெடைக்காம அதுவும் அழிஞ்சிடும்."

"அப்பிடின்னு உங்கிட்ட வந்து சொல்லுச்சா?"

தொட்டியில் கலந்துவிடச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

குஞ்சுகள் செத்துக்கொண்டேயிருந்தன. எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம். மேலாளர் பழைய பாட்டிலைத் தலையில் கட்டிவிட்டாரோ? குஞ்சு வரும்போதே நோயோடு வந்ததோ? நீ மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டாயோ? "ஊத்துனியாம்மா?" என்றேன். "ஊத்துனேன்டி" என்றாய். தமிழில் சொன்னதால் நம்பினேன்.

பாட்டிலில் மிச்சமிருந்ததையும் தொட்டித் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோய், அந்தக் கழிச்சல் கிருமியைப் படரவிட்ட தட்டுகளில் தனித்தனியாக விட்டுப் பார்த்தேன். பேஜ் உயிரோடிருந்தால் கிருமி செத்த இடங்கள் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். பாட்டில் மருந்து விட்ட தட்டு சல்லடையாகியிருந்தது. தொட்டித் தண்ணீர் விட்டதில் ஒரு பொட்டுகூட இல்லை.

"தொட்டியில வேற என்னம்மா போட்ட?"

"நனகேனு கொத்து."

"அம்மா!"

"வைரஸுன்னு நீதான சொன்ன? குஞ்சு குடிக்கிறதாச்சே, சுத்தமாவட்டும்னு ஒரு கை பிளீச்சிங் போட்டேன்."

கொரோனாவின்போது தக்காளியைக்கூட பிளீச்சிங் தண்ணீரில் முக்கி எடுத்தவள் நீ. மருந்தையும் அப்படியே கழுவிக் கொன்றிருந்தாய். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அடுத்த பேட்ச்சிலும் கழிச்சல் வந்தது. இந்த முறை நீ ஓர் ஓரத்தை வலையால் தடுத்து, அந்தக் குஞ்சுகளுக்கு மட்டும் மருந்து கொடுக்க ஒப்புக்கொண்டாய். தனிக் குடம், கிணற்றுத் தண்ணீர். வலைக்குள் இருந்தவை தேறின. "இந்தப் பக்கம் காத்து நல்லா வருது, அதான்" என்றாய். வலையைப் பிரித்துக் காற்றே வராத மூலையில் கட்டி, வேறு குஞ்சுகளை அடைத்தாய். அவையும் தேறின. மறுநாள் காலையில் பார்த்தால் பெரிய தொட்டி தேய்த்துக் கழுவி வாசனையே இல்லாமல் நிறைந்திருந்தது. "ஊத்து" என்றாய்.

சாவு குறைந்ததைப் பார்த்துவிட்டு, "என்னம்மா செஞ்சீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார். "நனகேனு கொத்து" என்றாய். அடுத்த முறையும் நமக்குக் குஞ்சு இறங்கியது.

நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நீ ஒவ்வொரு மாத்திரையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்கினாய். நர்ஸ் சிரித்தார். நீ சிரிக்கவில்லை.

இப்போது ஆய்வகம் என்னைத்தான் கொட்டாய் கொட்டாயாக அனுப்புகிறது. எல்லாக் கழிச்சலுக்கும் இந்த மருந்து கேட்பதில்லை. கேட்கும் என்று அடித்துப் பேச இன்னும் எனக்கு வரவில்லை. நேற்று அந்த அக்காவிடம் பிளீச்சிங்கைப் பற்றி மறுபடி கேட்கவில்லை. "மொத்தமா வேணாங்க்கா. ஓரமா ஒரு வலை கட்டி, கொஞ்சம் குஞ்சுக்கு மட்டும் குடுத்துப் பாப்பமா?" என்றேன்.

அவர் முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கொட்டாயை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அந்த மூலையில கட்டு. அங்கதான் காத்தே வராது" என்றார்.

கழுவிய குடம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி, உன்னைப் போலவே மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன். மருந்தைக் கலந்து நீட்டினேன். அவரும் மோந்து பார்த்தார்.