விரதத்தோடு விட்ட மாத்திரை

அன்பு மகள் சுபோதினிக்கு,

கொட்டாஞ்சேனையிலிருந்து அப்பா எழுதுவது. கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகன் துணை. எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது, கோபிக்காதே. கோடு போட்ட கொப்பியில்தான் எழுதுகிறேன், அப்படியும் கை கோட்டில் நிற்க மாட்டேன் என்கிறது. வேறு யாரையும் வைத்து எழுதவில்லை, நானேதான். துறைமுகத்தில் முப்பத்தைந்து வருடம் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் மையோடு திரிந்த இருளப்பன் எழுபத்தோராவது வயதில் மகளுக்குக் காகிதம் எழுதுகிறேன். உன் பெயரை எழுதி முடித்ததும் சந்தோஷம் தாங்காமல் சந்தி வரைக்கும் ஒரு நடை போய் வந்தேன். இந்த வரிக்கு வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

இனிச் சொல்லப்போவது சந்தோஷமில்லை. போன மாதம் போனில் நீ அழுதாய். நானா விரும்பிக் கட்டின மாப்பிள்ளையைப் புடிக்காமத்தானே அம்மா எட்டு மாசமா என்னோட பேசல்ல, உண்மையைச் சொல்லுங்கப்பா என்று கேட்டாய். கோயிலுக்குப் போயிருக்கிறாள், குளிக்கிறாள் என்று நான் சொன்னதெல்லாம் பொய் மகள். அம்மா அப்போதெல்லாம் எனக்குப் பக்கத்தில்தான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கு உன்மேல் எந்தக் கோபமும் இல்லை. அவளுக்கு மனச்சோர்வு நோய். வெளியே தெரிந்தால் பைத்தியம் என்று பேர் வைப்பார்கள் என்ற பயத்தில் உன்னிடமும் மறைத்துவிட்டேன். தலை வாராமல் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பாள், விடிய முன்னமே எழும்பி சும்மா உட்கார்ந்திருப்பாள். நானும் சோம்பல் என்று ஏசினேன். ஒரு நாள், நான் இல்லாட்டி உங்களுக்கு லேசா இருக்கும் என்றாள். அன்றைக்கே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டரம்மா என்னைப் பார்த்து, ஐயா இது சோம்பலும் இல்ல திமிரும் இல்ல, சீனி வருத்தம் மாதிரி இதுவும் ஒரு நோய், மாத்திரை வேலை செய்யச் சில கிழமை எடுக்கும், நீங்களா நிப்பாட்டக் கூடாது என்றார். ஒன்றரை மாதத்தில் அம்மா தானாகத் தேத்தண்ணீர் ஊற்றினாள். சுபோவோட பேசணும் என்றுகூடச் சொன்னாள். கந்தசஷ்டி முடியட்டும் என்றேன்.

அங்கேதான் நான் பிழை விட்டேன். மாத்திரை டின்னில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாத எனக்கு, சாப்பிட்ட பிறகு ஒன்று என்று மருந்து கொடுத்தவர் சொன்னதுதான் மண்டையில் இருந்தது. விரதம் ஆறு நாளும் அம்மா சாப்பிடவில்லை, அதனால் மாத்திரையும் கொடுக்கவில்லை. சூரன்போர் அன்று அவள் எழும்பிக் கோயிலுக்கு வந்து நின்றதைப் பார்த்து, முருகனே சுகமாக்கிவிட்டான், இனி மாத்திரை எதற்கு என்று டின்னோடு அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். இரண்டு கிழமையில் தலைசுற்று, நடுக்கம், பிறகு பழையபடி சுவர். நாங்கள் மருந்து வாங்குகிற பாமசிக் கடைப் பௌஸிதான் என்னை மறித்து, என்ன மாமா, மாமிட மருந்து எப்பவோ முடிஞ்சிருக்கணுமே, ஆளையே காணல்ல என்று கேட்டான். நடந்ததைச் சொன்னேன். அவன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு எங்களோடு கிளினிக்குக்கு வந்தான். டொக்டரம்மா ஏசவில்லை. சுகம் வந்த பிறகும் பல மாதம் போட வேண்டும், விரதமென்றால் முதலே என்னிடம் கேளுங்கள் என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது மாத்திரையோடு, கிளினிக்கில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை அம்மாவோடு உட்கார்ந்து மனம் விட்டுப் பேசுகிற ஒரு கவுன்சலிங் மிஸ்ஸும் இருக்கிறார். தினம் ஒரு சின்ன வேலை செய்யுங்க, என்ன செய்வீங்க என்று அவர் அம்மாவைக் கேட்டார். அம்மா நாலெழுத்துப் படித்தவள்தானே, எனக்கு எழுத்துச் சொல்லித் தரட்டும் என்று நான் வாய் விட்டேன். இந்தக் கழுதைக்கா என்றாள் அம்மா. மிஸ் சிரித்துவிட்டார். அப்படித்தான் தினமும் பத்து நிமிடம் படிக்கிறேன். சில நாள் அதுவும் இல்லை, கொப்பியை விரித்தபடி இரண்டு பேரும் சும்மா இருப்போம். இப்போது டின்னில் ஒட்டிய துண்டில் காலை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன்.

நீ டிக்கட் எடுத்து ஓடி வராதே, ஏன் எதற்கு என்று அம்மாவைக் கேட்காதே. இன்றைக்கு என்ன சமைத்தாய், பனி எவ்வளவு விழுந்தது என்று நீ பாட்டுக்குச் சொல், போனை அவள் காதில் வைக்கிறேன். பதில் வராவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ வேண்டும். வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே.

இதை முழுக்க அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கீழே நீயும் இரண்டு வரி எழுது என்று பேனாவை நீட்டினேன். வாங்கி வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு மூடியைப் போட்டுத் தந்துவிட்டு, இன்னைக்கு ஏலாது, வாற கிழமை பார்ப்பம் என்றாள். வாற கிழமை என்று அவள் வாயிலிருந்து கேட்டு எவ்வளவு காலம். ஆகையால் வாற கிழமை திரும்பவும் எழுதுவேன். அப்போதும் அடியில் நாலு கோடு அம்மாவுக்கு விட்டு வைப்பேன்.

உன் அப்பா
இருளப்பன்