‘பதிவு: புவனா’ என்று போட்ட அக்காவுக்கு

என் இசக்கி அக்கா,

உனக்கு எழுத வேண்டிய கடிதம் இது இல்லை. இதற்கு முன்னால் ஒன்று எழுதியிருக்க வேண்டும், நீ படிக்கிற காலத்தில். அதை எழுதாமல் இருந்ததற்குத்தான் இதை எழுதுகிறேன். நீ இப்போது படிக்க மாட்டாய். முன்பின் தெரியாதவர்கள் படிப்பார்கள். படிக்கட்டும்.

அவர்களுக்கு நீ யார் என்று சொல்லிவிடுகிறேன். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். வல்லம் வடகாலில் நாலு பெண்களோடு ஒரே அறையில் வாடகைக்கு இருந்தவள். ஒரகடத்தில் காருக்கு வயரிங் செட் கட்டும் கம்பெனியில் எனக்கு இரண்டு மேசை தள்ளி நின்றவள். நான் பென்னலூர்க்காரி, உன்னைவிட மூன்று வயது சின்னவள். நீ என்னை ‘ஏட்டி’ என்று கூப்பிட்டபோது முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நீ கூப்பிடாத நாள்தான் குறையாகத் தெரிந்தது.

கம்பெனி பஸ்ஸில் உன் இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஒரே ஒரு சத்தம் நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. தாளம் இல்லை, வார்த்தை இல்லை. சுங்குவார்சத்திரம் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, பாட்டு எப்போ வரும்?” என்று கேட்டேன்.

“இதாம்ட்டி பாட்டு” என்றாய். “நீ எதையோ எதிர்பாத்துக்கிட்டே கேக்க. அத விட்டுட்டுக் கேளு.”

அது தண்ணீர்த் தொட்டி மோட்டாரின் சத்தம் என்று பிறகு சொன்னாய். அறைக்கு மேலே ஓடுவதைப் பதிவு செய்து, பாதி வேகத்துக்கு இறக்கி, அதன் கீழே வாயை மூடிக்கொண்டு நீயே ‘ம்’ என்று இழுத்திருந்தாய். பழைய லேப்டாப்பில், இலவசமாகக் கிடைத்த சாஃப்ட்வேரில், நீயே கற்றுக்கொண்டு செய்தது. ‘வல்லம்’ என்ற பெயரில் இணையத்தில் போட்டுவந்தாய். உன் அறைப் பெண்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து ஒருவர், இதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன் என்று உனக்கு எழுதியிருந்தார். அதை எனக்குத் தமிழில் படித்துக்காட்டிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாய்.

எனக்கு உடனே பிடித்துவிடவில்லை, அக்கா. ஆனால் ஒருநாள் லைனில் நின்றுகொண்டிருக்கும்போது ஏசி சட்டென்று நின்றது. அது நின்ற பிறகுதான் அதுவரை ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரிந்தது. திரும்பி உன்னைப் பார்த்தேன். நீ ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கம்பெனியில் காற்றை அழுத்தும் மிஷின் ஓடுகிற கம்ப்ரசர் ரூம் சத்தம் வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நீ. ஆனால் அதை எடுத்துத் தருகிறேன் என்று சொன்னவள் நான். நீ கேட்கவே இல்லை. என் டெஸ்டிங் மேசை அதன் சுவரை ஒட்டி இருந்தது, உனக்கு உன் மேசையை விட்டு அந்தப் பக்கம் வர அனுமதி கிடையாது. கேட்டில் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். உன்னிடம் தீப்பெட்டி அளவில் ஒரு ரெக்கார்டர் இருந்தது.

“வேணாம்ட்டி, மாட்டிக்கிட்டா சீட்டு கிழிஞ்சிரும்” என்றாய்.

“மாட்டுனா நான் பாத்துக்கறேன்க்கா” என்றேன். அதைச் சொன்ன வாய் இதுதான்.

இரண்டு முறை கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு முறையும் நன்றாக வந்தது. உன் கையில் கொடுத்தபோது நீ என் தலையைப் பிடித்து ஆட்டினாய். மூன்றாம் முறை, முதல் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது கேட்டில் சோதனை. செக்யூரிட்டி அதை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார்கள்.

“கம்பெனி விஷயத்த யாருக்கும்மா ரெக்கார்ட் பண்ணிக் குடுக்கற?” என்று கேட்டார் அங்கே இருந்த அதிகாரி.

அந்த மாதம்தான் என்னை நிரந்தரம் ஆக்குவதாகப் பேச்சு. வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். ஆனால் இதெல்லாம் நான் பிறகு கண்டுபிடித்துக்கொண்ட காரணங்கள். அந்த நிமிடத்தில் எனக்கு இருந்தது பயம் மட்டும்தான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். இசக்கிக்காவோடது அது. எனக்குத் தெரியாம என் பையில போட்டுட்டாங்க” என்றேன்.

உன்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே வந்தாய். நான் சொன்னதை அந்த அதிகாரி உனக்குச் சொன்னார். மேசையில் கிடந்ததைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தால் போதும். ஏன் சொல்லவில்லை? எனக்கு யோசிக்க இடம் கொடுத்தாயா, இல்லை நான் சொல்லிவிடுவேன் என்று காத்திருந்தாயா?

“ஆமா சார். நாந்தான் வச்சேன். அவளுக்குத் தெரியாது” என்றாய்.

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். பஸ் கிளம்பும்போது நீ கேட்டுக்கு வெளியே டிபன் பையோடு நின்றிருந்தாய். நான் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவள், எழுந்து அந்தப் பக்கம் மாறி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு வாரத்தில் கதை மாறிவிட்டது. ரெக்கார்டர் என்பது போய், ‘கம்பெனிப் பொருளைத் திருடினாள்’ என்று ஆயிற்று. கேண்டீனில் என் காதுபடவே பேசினார்கள். நான் சோறு தின்றுகொண்டிருந்தேன். என்னை நிரந்தரம் ஆக்கினார்கள். பிறகு லைன் லீடரும் ஆனேன்.

ஊரிலிருந்து நீ ஒரே ஒரு முறை செய்தி அனுப்பினாய். “கம்ப்ரசர் ரூம் முடிஞ்சிட்டு. கேளு.” கூடவே அந்தப் பதிவு. நான் திறக்கவில்லை. பதிலும் போடவில்லை. ஒரு வருடம் கழித்து, உன் அறையில் இருந்த உன் ஊர்ப்பெண் ராணி கேண்டீனில் சொன்னாள். மஞ்சள் காமாலை, தெரிவதற்குள் முற்றிவிட்டது, ஆஸ்பத்திரியில் மூன்றே நாள். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூட வரவில்லை.

ஒன்பது மாதம் போனது. புதுச்சேரியிலிருந்து அருண் என்று ஒருவர் போன் செய்தார். உன்னைப் போலத் தனியாக இசை செய்கிறவர்களின் பதிவுகளைக் கேசட்டாக வெளியிடுகிறவர். நீ உயிரோடு இருக்கும்போதே உன்னிடம் சம்மதமும் என் நம்பரும் வாங்கியிருந்தாராம்.

“கம்ப்ரசர் ரூம் கீழ, ‘பதிவு: புவனா, பென்னலூர்’னு போட்டிருக்காங்க. நீங்கதானே? அவங்களப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, கேசட்டோட சேர்த்து வைக்கலாம்” என்றார்.

நான் போனை வைத்துவிட்டேன். அக்கா, உன்னை வேலையை விட்டுத் துரத்திய அந்தச் சத்தத்தின் கீழே என் பெயரைப் போட்டிருந்தாய். அதுவும் அந்த மேசைக்கு முன்னால் நான் சொன்னதைக் கேட்ட பிறகு.

மறுநாள் பஸ்ஸில் நீ அனுப்பியிருந்த பதிவைத் திறந்து கேட்டேன். இருபத்து நான்கு நிமிடம். முதலில் கம்ப்ரசர் மட்டும், தூரத்தில். அது நெருங்கிவருகிறதா, நான்தான் அதற்குள் போகிறேனா என்று தெரியவில்லை. எங்கேயோ அடியில் உன் ‘ம்’ சேர்கிறது. எப்போது சேர்ந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டும் பிடிக்க முடியவில்லை. நடுவில் ஒரு இருமல். அது என் இருமல். எல்லாவற்றையும் அத்தனை சுத்தமாக வெட்டி ஒட்டுகிறவள் நீ, அதை மட்டும் வெட்டாமல் விட்டிருக்கிறாய். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்து, “இன்னாக்கா, வூட்ல எதுனா ஆயிட்ச்சா?” என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அம்மா பீடித் தட்டை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் கை நிற்கவே இல்லை. முடித்ததும்தான் நிமிர்ந்தார்கள்.

“களவாணின்னு இந்தத் தெருவே சொல்லிச்சு தாயி. நிச்சயம் பண்ணுன மாப்பிள்ள வீட்டுக்காரங்க வரமாட்டோம்னுட்டாங்க. ‘நான் எடுக்கலம்மா’ன்னு மட்டுந்தான் எங்கிட்டச் சொன்னா. ஒம் பேரச் சொல்லல. ஒருத்தர் பேரயும் சொல்லல.” அடுத்த இலையை எடுத்தார்கள். “நானும் அவள நம்பல.”

அந்தப் பதிவைக் கேட்கிறேன் என்று அம்மாவே சொன்னார்கள். போனை அருகில் வைத்தேன். பத்து நிமிடம் போல ஆனபோது பீடி சுற்றுகிற விரல்கள் நின்றன.

“இதுல மிசினு எது, எம் பிள்ள எதுன்னு தெரியலையே” என்றார்கள்.

முழுவதும் கேட்டார்கள். என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், “எங்கிட்டச் சொல்லிட்ட. அங்கன எம் பிள்ளயக் களவாணின்னு சொன்னாங்கள்ளா, அவங்ககிட்டச் சொல்லுவியா?” என்று கேட்டார்கள்.

போன வியாழக்கிழமை சொன்னேன், அக்கா. முதல் ஷிப்ட் தொடங்கும் முன் லைனில் ஐந்து நிமிடக் கூட்டம் நடக்குமே, அதில். லைன் லீடர் என்பதால் பேசவேண்டியவள் நான்தான். பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன்.

“இங்க இசக்கிக்கான்னு ஒருத்தவங்க வேல செஞ்சாங்க. அவங்க எதையும் திருடல. அந்த ரெக்கார்டர உள்ள எடுத்துகினு வந்தது நானு. மாட்டினதும் பொய் சொன்னது நானு. எனக்காகத்தான் அவங்க வேல போச்சு.”

புதிதாக வந்த பெண்களுக்கு நீ யார் என்றே தெரியாது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சூப்பர்வைசர், “புவனா, இதெல்லாம் இப்ப பேசற விஷயமா? லைன ஸ்டார்ட் பண்ணு” என்றார். வரிசையின் கடைசியில் நின்றிருந்த ராணி மட்டும் உட்கார்ந்துவிட்டாள். “நாந்தான் ஊருல போயிச் சொன்னேன்” என்று அழுதாள். “எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொல்லிட்டேன்.”

அலுவலகத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, கூப்பிடும் வரைக்கும் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். என் அம்மா, “செத்தவ வந்து கேட்டாளாடி உன்ன?” என்று மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. வேலை இருக்குமா என்று தெரியாது. இதையெல்லாம் உனக்குச் சொல்வது நான் நல்லவளாகிவிட்டேன் என்று காட்ட இல்லை. நீ ஒரு நொடியில் செய்ததைச் செய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவும் உனக்குப் பயன்படாத காலத்தில். இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அருணிடம் பேசிவிட்டேன். அவர் கேட்டது உன்னைப் பற்றி ஒரு பக்கம். நான் கொடுப்பது இந்தக் கடிதம். ஒரு வரி குறைக்காமல் கேசட்டோடு வைக்கச் சொல்லியிருக்கிறேன். என் பெயரை எடுத்துவிடலாமா என்று ஒரு தடவை கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நீ போட்டதை எடுக்க நான் யார்?

கார்த்திகையில் உனக்கு வருஷம் திரும்புகிறது. அம்மா என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட மாட்டார்கள். ஆனாலும் வருகிறேன். ராணியும் வருகிறாள். உன் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறுவேன். அந்த மாப்பிள்ளை வீட்டுக்கும் போவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று சொல்வேன், கதவைச் சாத்தினால் சாத்திய கதவுக்குச் சொல்வேன். இந்த முறை தரையைப் பார்க்க மாட்டேன், அக்கா.

கூடப் பிறக்காத, கூட நிற்கவும் செய்யாத
உன் தங்கச்சி,
புவனா