தபீத்தாவுக்குச் சோறு போடுவது பற்றி

குத்துக்கல்வலசை,
வெள்ளிக்கிழமை

அன்பு மகன் முத்துச்செல்வத்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி வேல்விழியும் நம் சாஸ்தா புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம், நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில் நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்க இவள் ஏன் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது பாதி வருகிறது பாதி வரவில்லை, வருகிற பாதியிலும் தபீத்தா எத்தனை கிலோ இருக்கா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை, பக்கத்தில் அப்பா வேறு ஸ்பீக்கரில் போடு என்று காதைக் கொண்டு வருவார். இது ஸ்பீக்கரில் சொல்கிற விஷயம் இல்லை. வேல்விழி இதைப் படம் பிடித்து அனுப்புவாள், உனக்கு நெட்டு கிடைக்கும்போது முழுசும் படி, பாதியில் மூடி வைக்காதே.

சீசன் இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. சாரல் விட்டு விட்டு விழுகிறது, துவைத்த துணி காய மாட்டேன் என்கிறது, ஐந்தருவியில் வண்டி நிறுத்த இடமில்லை. கடையம் வயலில் நாற்றுப் பாவியாகிவிட்டது. புளியங்குடி மாமா ஒரு சாக்கு எலுமிச்சை கொடுத்துவிட்டார், ஊறுகாய் போட்டு உன் பங்கைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, ஆனால் ரிட்டயர் ஆன ஏட்டுக்கு மறுபடி டியூட்டி போட்ட மாதிரி ஆகிவிட்டது, போன வாரம் வரை காலையில் தபீத்தாவை ஒலி முகம்மது ஜிம்முக்குக் கூட்டிக்கொண்டு போய், அவள் பளு தூக்கி முடிக்கிற வரைக்கும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூட்டிக்கொண்டு வந்தார். ஏட்டையா இது யாரு என்று யாராவது கேட்டால் எங்க வீட்டுப் பிள்ளை என்பதோடு நிறுத்திவிடுகிறார், கேட்டவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு போகிறார்கள்.

வடக்கே தபீத்தா பயிற்சிக்கு வந்திருக்கிற முகாமை வெயிலுக்கு ஒரு மாசம் மூடுகிறார்கள், அவள் ஊருக்குப் போய்வர எத்தனையோ விமானம் மாற வேண்டும், அதுவரை பிள்ளை நம் வீட்டில் இருக்கட்டும் என்று நீ சொன்னபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கிரிபாட்டி என்று ஒரு நாடு இருப்பதே நீ அங்கே கோச்சாகப் போன பிறகுதான் எனக்குத் தெரியும், அங்கிருந்து ஒரு பெண் வந்து நம் வீட்டில் எப்படி இருக்கப் போகிறாள் என்று யோசித்தேன். பாளையங்கோட்டைப் பக்கம் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் வீட்டில் வைப்பார்களே தபீத்தாள் என்று, அதே பேர்தான் என்றதும் பாதி பயம் போயிற்று. வந்த அன்றைக்குச் சாயங்காலமே யாரும் சொல்லாமல் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைப் பெருக்கினாள், மீதிப் பயமும் போயிற்று. வேல்விழியும் அவளும் இங்கிலீஷில் பேசிச் சிரிக்கிறார்கள், எனக்கும் அவளுக்கும் கையும் கண்ணும் போதுமாக இருக்கிறது. மலை என்பதையே அவள் கிட்டத்தில் பார்த்ததில்லையாமே, ஒரு பக்கம் கடல் ஒரு பக்கம் காயல் நடுவில் ஒரு ரோடு, அவ்வளவுதான் எங்கள் ஊர் என்கிறாள். ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கூட்டிப்போய் நிறுத்தினேன், வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ராத்திரி இதை எத்தனை மணிக்கு அடைப்பார்கள் என்று வேல்விழியிடம் கேட்டாளாம். அடைக்க மாட்டார்கள் என்று சொன்ன பிறகும் அவள் நம்பவில்லை.

உங்கள் பசிபிக் தீவுகள் போட்டியைப் பற்றியும் இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். போன தடவை நடந்ததை வேல்விழி போனில் போட்டுக் காட்டினாள். ஃபிஜி, சமோவா, டோங்கா, நவ்ரு என்று எல்லாம் தீவுகள்தான், சில நாட்டுக்குக் கொடி பிடிக்கிறவனைத் தவிர பின்னால் கொஞ்சம் பேர்தான் வருகிறார்கள், அவர்களும் பூ வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டு வருகிறார்கள். தோற்ற நாட்டுக்காரர்கள் ஜெயித்தவர்களுக்குப் பாட்டுப் பாடுகிறார்கள். அப்பா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். ஒலிம்பிக் எல்லாம் டிவியில் பார்க்கிறது, இது எங்கள் சொந்தப் போட்டி என்று தபீத்தா சொன்னாள். இவள் தூக்கும்போது அவள் ஊரில் ரேடியோவைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்களாம், சர்ச்சில் இவள் பேரைச் சொல்லி ஜெபம் நடக்கிறதாம். இருபது வயசுப் பிள்ளை ஒரு நாட்டையே தோளில் வைத்துக்கொண்டு நம் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறாள்.

இனிமேல்தான் விஷயம். நீ சாப்பாட்டுக்கு ஒரு சார்ட் அனுப்பினாயே, முட்டையில் வெள்ளை மட்டும், வெள்ளரிக்காய், தோலில்லாத கோழி, சோறு கைப்பிடி என்று, அதைப் பார்த்தபோதே இது கோழிக்குஞ்சுக்கா பளு தூக்குகிற பெண்ணுக்கா என்று நினைத்தேன். கோச் உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அவள் அந்தக் கைப்பிடிச் சோற்றிலும் பாதியை ஒதுக்கினாள். என் சமையல்தான் பிடிக்கவில்லை என்று எனக்கு ஒரே கவலை. சொதி வைத்தேன், மீன் குழம்பு வைத்தேன், காரத்தைக் குறைத்தேன், தேங்காயைக் கூட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. வேல்விழியின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓடப் போவாள், சாரலுக்குத்தான் போட்டுக்கொள்கிறாள் என்று இருந்தேன். வெயில் சுள்ளென்று அடிக்கிற நாளிலும் போட்டுக்கொண்டு போனபோதுதான் எனக்கு உறுத்தியது. வேர்வையாகக் கொட்டி எடையைக் குறைக்கிறாளாம், வேல்விழி சொன்னாள். எதிர்வீட்டு இசக்கி கூட வந்து, என்னக்கா இந்தப் பிள்ள வந்த அன்னைக்கு இருந்ததுக்கு இப்போ கன்னமெல்லாம் ஒட்டிப் போயி கெடக்குதா, நீங்க ஒண்ணும் குடுக்கலையா என்று கேட்டுவிட்டாள். நம் வீட்டுக்கு வந்து தங்கின பிள்ளையைப் பார்த்து அப்படி ஒரு கேள்வி, எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி.

அப்பா செங்கோட்டைக்குப் போனவர் அங்கே கடச்சக்கை, அதுதான் சீமைப்பலா, விற்கிறதைப் பார்த்து, இது அந்தப் பிள்ளை ஊரில் மரத்துக்கு மரம் தொங்கும் என்று நீ முன்னே சொன்னதை ஞாபகம் வைத்து ரெண்டு காய் வாங்கி வந்தார். நான் எண்ணெயில் வறுத்து வைத்தேன். அவள் கையில் எடுத்து மோந்து பார்த்தாள், ஒன்று தின்றாள், இன்னொன்று தின்றாள், அப்புறம் தட்டைத் தள்ளி வைத்தாள், கண் நிறைந்துவிட்டது. பிடிக்கலையா என்று வேல்விழியைக் கேட்கச் சொன்னேன். பிடிக்குது, அதுதான் வேண்டாம் என்றாள். எனக்கு அன்றைக்கு முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

போன வெள்ளிக்கிழமை காசிவிசுவநாதர் கோயிலுக்கு எல்லாரும் கிளம்பினோம். கிளம்புகிறதுக்கு முன்னால் வீட்டில் பெண்பிள்ளைகளைக் கேட்பேன் அல்லவா, அதை அவளிடமும் கேட்டுவிடு, விருந்தாளி என்றாலும் கோயில் கோயில்தானே என்று வேல்விழியிடம் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே, கவலைப்பட வேண்டாம், நாலு மாசமாக அந்தத் தொந்தரவே இல்லை என்று சொன்னாளாம். மகனே, உன்னைப் பற்றியும் ஒரு நிமிஷம் தப்பாக நினைத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. கோயிலாவது ஒன்றாவது, அப்பாவிடம் பிள்ளைக்குக் கால் வலி என்று சொல்லிவிட்டு அவளையும் வேல்விழியையும் ஆட்டோவில் ஏற்றி நேரே ஜோதிலட்சுமி டாக்டர் வீட்டுக்கு விட்டேன். பழைய பஸ் ஸ்டாண்ட் வருவதற்குள் உங்கள் ரெண்டு பேருக்கும் மனசுக்குள் கல்யாணமே முடித்துவிட்டேன், அதை அப்பாவிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதுதான் பாக்கியாக இருந்தது.

டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார், நீங்க நெனைக்கது ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இவ்வளவு பாரத்தைத் தூக்குத ஒடம்புக்குச் சாப்பாட்டக் கொறைச்சா, எது இல்லாம ஓட்டலாம்னு அதுவே பார்த்து ஒண்ணொண்ணா நிறுத்தும், மொதல்ல நின்னது இது, அடுத்தது எலும்பு. கால் வலி என்று நான் அப்பாவிடம் சொன்னது பொய், ஆனால் அது நிஜமாகவே இருந்திருக்கிறது. முழங்காலுக்குக் கீழே அழுத்திப் பார்த்தபோது பிள்ளை துடித்துவிட்டாள். எக்ஸ்ரேயில் இப்போதைக்கு உடையவில்லை, இப்படியே போனால் மேடையிலேயே உடையலாம், நல்லாச் சாப்பிட்டால்தான் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பியைத் தொடவே கூடாது என்றார்.

ஏன் பிள்ளே இதைக் கோச்சிடம் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போது கேட்டேன். கோச் நல்லவர், ஆனால் ஆம்பிள்ளை, இதை எப்படிச் சொல்வேன், சொன்னால் என்னை விட்டுவிட்டு வேறு ஆளை எடுத்துவிடுவார் என்றாள். ஐம்பத்தெட்டுக் கிலோப் பிரிவில் நின்றால் மெடல் நிச்சயம் என்று நீ சொன்னாயாம், அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தினமும் பட்டினி கிடந்திருக்கிறாள். நீ கெட்ட எண்ணத்தில் சொன்னாய் என்று நான் சொல்ல மாட்டேன், உன்னைப் பெற்றவளுக்கு அது தெரியாதா. ஆனால் நீ எடையை மட்டும் கேட்டாய், அவளும் எடையை மட்டும் சொன்னாள். அவளுடைய சுபாவமான உடம்பு அறுபத்து மூன்று. அதை ஐம்பத்தெட்டுக்குள் அடைக்கப் பார்த்தால் அந்தப் பிள்ளை எங்கே போவாள்.

இதை உனக்கு எழுத எனக்குக் கூச்சமில்லை. பெண்பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறவன் இதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், நீ கேட்கக் கூச்சப்பட்டால் கேட்கிறதுக்கு ஒரு பொம்பளை ஆளைக் கூட வைத்துக்கொள். தபீத்தாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன். முதலில் வேண்டவே வேண்டாம் என்று அழுதாள். அப்புறம் வேல்விழி இந்தக் கடிதத்தை இது வரைக்கும் இங்கிலீஷில் வாசித்துக் காட்டினாள், கேட்டுவிட்டு ஒன்று சேர்க்கச் சொன்னாள். அறுபத்து மூன்றில் சமோவாப் பெண்ணோடு இன்னும் ரெண்டு பேர் இருக்கிறார்கள், அவர்களை என்னால் ஜெயிக்க முடியாது, நாலாவதுதான் வருவேன், ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு முன்னால் நான் தூக்க வேண்டும் என்றாள்.

இதில் உன் பிழைப்பும் மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மெடல் வந்தால்தான் உனக்கு அடுத்த ரெண்டு வருஷம் அங்கே வேலை என்று நீயே சொன்னாய். அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன், முழுக்கக் கேட்டுவிட்டு, காலு போயிருச்சுன்னா அவ மெடல எங்கன மாட்டிக்கிட்டு நிப்பா, நம்ம பயலுக்கு வேலை போனா வீட்டுக்கு வரட்டும், இங்கன என்ன சோத்துக்கா பஞ்சம் என்றார். நானும் அதைத்தான் சொல்கிறேன். நீ வெறுங்கையோடு வந்தால் எனக்கு ஒரு குறையும் இல்லை. இன்னொரு வீட்டுப் பிள்ளையின் உடம்பைக் கெடுத்துவிட்டு மெடலோடு வந்தால் உன் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது.

எந்தப் பிரிவு என்று பேர் கொடுக்க அடுத்த வாரம் வரை நேரம் இருக்கிறது என்று ஒலி முகம்மது சொன்னார். கால் வலி தீருகிற வரைக்கும் கம்பியைத் தொடாதே, தராசிலும் ஏறாதே என்று அவளிடம் சொல்லிவிட்டேன். தம்பி இனிமே இவ எடைய யாருக்கும் அனுப்பாதீங்க, என் மவன் கேட்டா ஒங்கம்மாகிட்ட கேளுன்னு சொல்லுங்க என்று ஒலி முகம்மதுவிடமும் சொல்லியாயிற்று, அவரும் சரிக்கா என்றுவிட்டார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம், நம் ஊர் முறைக்குக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி ஒரு பக்கம். முதல் உருண்டையைப் பயந்துகொண்டே வாயில் போட்டாள், ரெண்டாவதை அவளே எடுத்தாள், அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே, கோபத்தைப் பிள்ளைகளிடம் காட்டாதே. மகராசனாக நல்ல பேரோடு இரு, உன் கையில் பழகுகிற பிள்ளைகள் எல்லாம் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். மறந்துவிடாதே, அவளுக்கு நீயே போன் பண்ணி அறுபத்து மூன்று என்று உன் வாயால் சொல்ல வேண்டும், நான் சொன்னால் அவள் சமாதானத்துக்குச் சொல்கிறேன் என்றுதான் நினைக்கிறாள். நாளைக் காலையிலும் அவள் தட்டில் இட்லி வைப்பேன், நீ என்ன சொன்னாய் என்று அவள் என் முகத்தைப் பார்ப்பாள். வைக்காதே என்று நீ நினைத்தால் அதையும் நீயே அவளிடம் சொல், வைத்த சோற்றை எடுக்க என் கை வராது.

உன் அம்மா,
சு. குருவம்மாள்