நாய் பிஸ்கோத்தைக் கடித்துப் பார்த்தவனுக்கு

உலகச் சண்டை முடிந்த பிறகு முதன்முறையாக இன்று காலை சென்னையிலிருந்து நாய் பிஸ்கோத்து வந்தது. சிவப்பு டப்பா ஒன்று, நீல டப்பா ஒன்று. நீல டப்பாவின் மூடியைக் கத்தியால் நெம்பினேன். காய்ந்த இறைச்சியும் வறுத்த கோதுமையும் கலந்த அந்த வாசனை வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குத் திரும்பும் முனையில் இருந்த உன் சீமைச் சாமான் கடைக்குள் நிற்பதுபோல் இருந்தது. நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. டப்பாக்கள் மாறவில்லை. சிவப்பின்மேல் அச்சடித்த வாக்குறுதிகள் மட்டும் நாலு வரி கூடியிருக்கின்றன.

உன் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. புதிதாக எந்தத் தின்பண்டம் வந்தாலும் முதல் துண்டை நீ தின்பாய், பிறகுதான் விற்பனை. குழந்தைகளின் மாவு, நோயாளிகளின் கஞ்சிப் பொடி, மலைத்தோட்டத் துரைமார் கேட்கும் மீன் டப்பா எல்லாவற்றுக்கும் அதுதான் விதி. நாய் பிஸ்கோத்து வந்தபோது விதிக்கு ஒரு விலக்கு எழுதுவாய் என்று நினைத்தேன். நீ எழுதவில்லை. பட்டப்பகலில், கடையில் நாலு பேர் நிற்க, கடித்தாய்.

அந்த வருஷம்தான் தேவதானத்தில் வேட்டைநாய் வளர்க்கும் பெரியவர் ஒருவர் எனக்கு முத்துவைக் குட்டியாகக் கொடுத்திருந்தார். அவர் தம் வெள்ளை நாய்களின் குட்டிகளை விற்பதில்லை, கொடுப்பார். கொடுத்தாலும் முழுதாகக் கொடுக்கமாட்டார். "அடுத்த தை மாசம் வாரேன். கம்மாக்கரையில ஓட விடுவேன். ஓடலைன்னா எங்கூடவே கூட்டிட்டுப் போயிருவேன். வருத்தப்படக் கூடாது" என்றார். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அவர் பேசி முடிப்பதற்குள் முத்து என் பாதத்தின்மேல் முகவாயை வைத்துத் தூங்கிவிட்டான். வருத்தப்படமாட்டேன் என்று தலையாட்டினேன்.

நான் படித்தவன். ஆகவே நாய் வளர்ப்பு பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் வரவழைத்தேன். அதில் எடை அட்டவணை இருந்தது. முத்துவை நான் வேலை பார்த்த மில்லில் பஞ்சு நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன். அட்டவணைப்படி அவன் முக்கால் நாய்தான் இருந்தான். அந்த அட்டவணை புல்டாக் ஜாதிக்கானது என்பதை நான் ஒரு சில்லறை விவரமாகக் கருதினேன். மீதிக் கால் நாயை டப்பாவில் வாங்கலாம் என்று உன்னிடம் வந்தேன்.

சிவப்பு டப்பாவில் ஒரு கொழுத்த நாய் ராஜ்யத்தைப் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. பளபளக்கும் ரோமம், இரும்பு எலும்பு, கனவானுக்குரிய நடத்தை என மூன்றுக்கும் உத்தரவாதம். நீல டப்பாவில் படமே இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் போட்டிருந்தது. நான் சிவப்பைத் தொட்டேன். நீ இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்துக் கடித்தாய்.

"சிவப்பு இனிக்குதுலே. நாயிக்கு எதுக்கு இனிப்பு? அது என்ன காப்பியா குடிக்கப் போகுது?"

"நீலம்?"

"பல்லு எறங்கல. எறச்சி வாசம் இருக்கு. நாயி பல்லுக்கு எறங்கும். இதைக் கொண்டு போ."

"சிவப்பிலதான் எல்லாம் எழுதியிருக்கு" என்றேன்.

"ஏலே, நீ படிக்கதுக்கு வாங்குதியா, நாயி திங்கதுக்கு வாங்குதியா?"

நான் சிவப்பைத்தான் வாங்கினேன். ஒரு பெட்டி நிறைய வரவழைக்கவும் சொன்னேன். சிநேகிதனுக்காக நீ வரவழைத்தாய். நீ செய்து நான் அறிந்த ஒரே வியாபாரத் தவறு அதுதான்.

ஐப்பசி முடிவதற்குள் முத்து அட்டவணையைத் தாண்டிவிட்டான். நான் பெருமைப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை கண்ட வெள்ளை வேட்டியோடு பஸ் ஏறி ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்தாய். முத்து உன்னைக் கண்டு வாலை ஆட்டினான், எழுந்திருக்கவில்லை. என் மனைவி உன்னிடம் முறையிட்டாள்:

"அண்ணே, மாடிப்படி ஏறுனா ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குது. நாயி பிஸ்கோத்து திங்குது, சரி. இவிய என்னத்தத் திங்குதாவன்னுதான் தெரியல."

நீ சிரிக்கவில்லை. முத்துவின் விலாவைத் தடவினாய். விலா எலும்பு அகப்படவில்லை. வயிற்றுப் பக்கம் சொறிந்து சொறிந்து ரோமம் உதிர்ந்திருந்தது. பிறகு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், அவன் காலையில் போட்டிருந்ததைக் கிளறிப் பார்த்தாய். கூழாக இருந்தது. வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொன்னாய்: "டப்பா என்ன வேணா சொல்லும்லே. இது ஒண்ணுதான் பொய் சொல்லாது."

தை மாதத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. நான் அன்றே சிவப்பை நிறுத்தி நீலத்துக்கு மாறலாம் என்றேன். அதற்கும் திட்டினாய். ஒரே நாளில் மாற்றினால் வயிறு கெடும். பத்து நாள் எடுத்துக்கொண்டு, பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்ட வேண்டும். பிஸ்கோத்தை உடைத்து எலும்பு ரசத்தில் ஊறவைக்க வேண்டும். அளவை நாயின் விலாதான் சொல்ல வேண்டும், புத்தகம் அல்ல. விடிந்ததும் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் குச்சியோடு வந்தாய். பக்கத்து வீட்டார் உன்னை ஏதோ சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று நம்பினார்கள்.

மிஞ்சிய சிவப்பு டப்பாக்களை நீ திரும்ப எடுத்துக்கொண்டாய். ஓர் அட்டையில் உன் கையாலேயே எழுதி அவற்றின்மேல் தொங்கவிட்டாய்: 'ஓடாத நாய்களுக்கு. நான் தின்று பார்த்தது.' ஊரில் பெரிய வீட்டு நாய் எதுவும் ஓடுவதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லா டப்பாவும் தீர்ந்துவிட்டன.

தை பிறந்தது. பெரியவர் வந்தார். முத்துவின் விலாவில் விரல் வைத்தார். "கைக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. சரி" என்றார். கண்மாய்க் கரையின் ஒரு முனையில் அவர் நாயைப் பிடித்துக்கொள்ள, மறுமுனையில் நான் நின்று கூப்பிட வேண்டும். ஏன் நீயும் பக்கத்தில் வந்து நின்றாய் என்று நான் கேட்டதே இல்லை.

கூப்பிட்டேன். முத்து வந்தான். நாலு காலும் ஒருசேரத் தரையை விட்டு எழும்பும் அந்த ஓட்டத்தில் கரையிலிருந்த கொக்குகள் எல்லாம் பறந்தன. நேராக வந்தவன் என்னைத் தாண்டி உன் சட்டைப் பையில் மூக்கை நுழைத்தான். உள்ளே நீல டப்பா பிஸ்கோத்து.

பெரியவர் ஆற அமர நடந்து வந்தார். "ஓடுதான். எசமான் யாருங்கிறதுலதான் அவனுக்குக் கொழப்பமா இருக்கு."

"கொழப்பம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. தின்னு பாத்தவன்கிட்ட வாரான்" என்றாய்.

அவர் வெறுங்கையோடு தேவதானத்துக்குத் திரும்பினார்.

உன் அடக்கத்தன்று பங்குச் சாமியார், நீ யாருக்கும் பொய் சொல்லி எதையும் விற்றதில்லை என்று பிரசங்கம் செய்தார். உண்மைதான். அதற்காக நீ எதையெல்லாம் தின்றாய் என்பது அவருக்குத் தெரியாது. கடையைக் காலி செய்தபோது உன் வீட்டார் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

முத்துவுக்கு இப்போது பத்து வயது தாண்டிவிட்டது, ஓடுவதில்லை. இன்று நீல டப்பாவின் வாசனைக்கு எழுந்து வந்தான். ஒன்றைக் கொடுத்தேன். வாயில் வாங்கி, கடிக்கப் பார்த்து, முடியாமல் என் காலடியில் மரியாதையாக வைத்துவிட்டான். அதை எடுத்து நானும் கடித்துப் பார்த்தேன். எனக்கும் இறங்கவில்லை. பிறகு சிவப்பைத் திறந்து அதையும் கடித்தேன். மெத்தென்று இருக்கிறது. இனிக்கிறது. நீ சொன்னது அத்தனையும் சரி.

எலும்பு ரசம் அடுப்பில் இருக்கிறது. இன்றைக்குச் சண்டைக்காலத்துக் கஞ்சியோடு சிவப்பில் கால் துண்டு, நாளை அரைத் துண்டு; பத்து நாள் கணக்கு. உன் அட்டையைச் சிவப்பு டப்பாவின்மேல் சார்த்தி வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதியிருப்பதை மாற்றவில்லை. இன்று அது என்னையும் குறிக்கும். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குச்சியும் ஒடித்து வைத்தாயிற்று.