திமிங்கிலத்தின் முன் ஒரு படம்

பெப்ரவரி 9, ஞாயிறு

கரையொதுங்கிய திமிங்கிலத்தைப் பார்க்க, டென்மார்க்கில் நாங்கள் இருக்கும் கிரின்ஸ்டெட்டிலிருந்து மகன் என்னைக் காரில் கூட்டிப்போனான். செத்துவிட்டது என்று நினைத்தே போனேன். அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எப்போது அதன் வேதனையை முடிப்பீர்கள் என்று அங்கே நின்ற அதிகாரியைப் பிழையில்லாத டேனிஷில் கேட்டேன். இவ்வளவு பெரிய உடம்புக்குப் போட ஊசியும் இல்லை, சுடத் துவக்கும் இல்லை, தானாகச் சாகட்டும் என்றார். கரையொதுங்கி இரண்டு நாளாகிறதாம். நோயில் கிடக்கும் நாயை ஒரு மணி நேரம் வதைபடவிடாத நாடு இது!

"அம்மா, இஞ்சாலை திரும்புங்கோ, ஒரு படம்" என்றான் மகன். கோட்டைச் சரிசெய்துகொண்டு நின்றேன். சிரித்தும் இருக்கிறேன்.

படம் இப்போது குடும்பத்து வாட்ஸ்அப்பில். "வடிவாய் இருக்கிறியள் மச்சாள்" என்று லண்டனிலிருந்து ஒருத்தி.

"அழியடா அதை."

"எல்லாரும் பாத்திட்டினம் அம்மா."

படத்தில் என் தோளுக்குப் பின்னால் திமிங்கிலத்தின் கண் திறந்திருக்கிறது. இரவுச் செய்தியில், இன்னும் சாகவில்லை என்றார்கள்.