அளவோடு போடும் குண்டு

1981 ஐப்பசி, வெள்ளி இரவு.

மகளின் கல்யாணத்துக்கு நாள் வைக்க, மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் அளவெட்டியிலிருந்து வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது வானொலிச் செய்தியில் வல்லரசு நாடுகளின் அணுகுண்டுப் பேச்சு வந்தது.

"பெரிய குண்டையும் அளவோடை பாவிக்கலாம். படைமுகாமிலை மட்டும் ஒண்டு போட்டிட்டு நிப்பாட்டலாம்" என்றார் சம்பந்தி.

"மற்றவன் பேசாமல் இருப்பானோ?" என்று கேட்டேன்.

"அவனும் அளவாய் ஒண்டு போடுவான். அதோடை சரி."

"விசர்க் கதை" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவர் என் வாழைத் தோட்டத்தைப் பழித்தார். நான் அவருடைய மகனின் வழுக்கையைச் சொன்னேன். அவர் என் தகப்பனை இழுத்தார். நான் அவருடைய பாட்டன் வரைக்கும் போனேன். இருவரும் எழுந்து நின்றுவிட்டோம். கல்யாணம் குழம்பப்போகிறது என்று உள்ளுக்குள் தெரிந்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

அப்போது குசினியில் சமையலை முடித்துவிட்டு என் மனைவியும் சம்பந்தியம்மாவும் வந்தார்கள்.

"நாங்கள் தையிலை நாள் வைச்சாச்சு. ரெண்டு பேரும் இருந்து சாப்பிடுங்கோ" என்றாள் மனைவி.

இருந்து சாப்பிட்டோம். சம்பந்தி இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார்.

குண்டு விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. ஆனால் அந்த நாடுகளில் குசினிக்குள் யார் நிற்கிறார்களோ தெரியவில்லை. அதை நினைத்தால் நித்திரை வரவில்லை.