செத்த கிருமிப் பொடியும் சின்னத்தாய் மீது விழுந்த பழியும்

அனுப்புநர்:
நவமணி சோமு,
நான்காம் லயம், சுங்கை நீப்பா தோட்டம்,
கோலா சிலாங்கூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
சுங்கை நீப்பா கோழி வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம்.

பொருள்: தீவன ஆலோசகர் திரு. சேது எழுதிய பொய் அறிக்கையை நீக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் பக்கத்துக் கொட்டகைச் சின்னத்தாயும் காலையில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிவிட்டு வந்து இறைச்சிக் கோழி வளர்ப்பவர்கள். சித்திரையில் தங்கள் ஆலோசகர் கழுத்துப்பட்டை கட்டி வந்தார். குஞ்சின் குடலில் நல்ல கிருமி பெருகினால் தின்றது உடம்பில் ஒட்டும், எடை கூடும் என்று அரை நாள் பேசினார். அது உண்மை. அன்றைக்கு அவர் சொன்னதில் வேறு உண்மை இல்லை.

2. அந்த உயிருள்ள கிருமிப் பொடியை மூன்று வாரம் காரின் பின்பெட்டியில் வெயிலில் வேகவைத்த பிறகு எங்களுக்குக் கொடுத்தார். கிருமியைக் கொல்லும் மருந்து கலந்த தண்ணீரிலேயே இதையும் கலக்கச் சொன்னார். வெயிலில் வைப்பதும் மருந்தோடு கலப்பதும் கூடாதென்று பொடி டின்னிலேயே ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்ததைக் காட்டினேன். "நீங்க மரம் வெட்டுங்க. லேபலை நாங்க பாத்துக்கிறோம் லா" என்றார். பார்க்கவில்லை. நான் பொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

3. சின்னத்தாய் படித்தவர் சொல்லைத் தட்டத் தெரியாதவர். வெயிலிலும் மருந்திலும் செத்துக் கெட்டுப்போன அந்தப் பொடியைச் சொன்னபடி கலந்தார். குஞ்சுகள் நீராகக் கழிந்தன, ஐந்தாம் வாரத்திலும் புறா அளவே இருந்தன. நூற்றுக்கு மேல் செத்தன. அத்தனைக்கும் அவரே குழி வெட்டினார். ஆலோசகர் கொட்டகைக்குள் நுழையாமலே, "வளர்ப்பவருக்குச் சுத்தம் தெரியாது" என்று எழுதினார். பொதுக்கூட்டத்தில் அதை வாசித்து, சங்கம் சின்னத்தாய்க்குக் குஞ்சு கொடுப்பதை நிறுத்தியது. "நான் அழுக்கா இருக்கேனாக்கா?" என்று சின்னத்தாய் என்னைக் கேட்டார். ஐயா, அந்தக் கேள்விக்குச் சங்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.

4. பிறகு தஞ்சோங் காராங்கில் மதார் சாகிபு கடைக் குளிர்பெட்டியில் இருந்த புது டின்னை வாங்கி வந்தேன். என் கொட்டகையில் எண்பது குஞ்சுகளைச் சின்னத்தாயிடமே ஒப்படைத்தேன். மருந்து கலக்காத கிணற்றுத் தண்ணீரில் அந்தப் பொடியை அவரே கரைத்து வைத்தார். இறந்தவை இரண்டு. மற்றவை ஏழாம் வாரத்தில் இரண்டு கிலோவைத் தொட்டன. சங்கத் தராசில் நிறுத்து கணக்கெழுதும் கிராணி ஐயாவு எழுதிய சீட்டை இணைத்துள்ளேன். தமிழில்தான் இருக்கிறது, ஆலோசகரும் வாசிக்கலாம்.

5. ஆகவே, அந்த அறிக்கையை நீக்கி, சின்னத்தாய்க்கு உடனே குஞ்சு வழங்க வேண்டும். பழியை வாசித்த அதே பொதுக்கூட்டத்தில் திரு. சேது தம் தவற்றைத் தம் வாயால் சொல்ல வேண்டும். அவர் இனியாவது கோழி வளர்ப்பைக் கற்க விரும்பினால் கொட்டகைக்கு வரலாம். வாசலில் மருந்துத் தண்ணீர் வைத்திருக்கிறோம். காலை நனைக்காமல் எவரையும் சின்னத்தாய் உள்ளே விடுவதில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
நவமணி சோமு
(ஒப்பம்)

இடம்: சுங்கை நீப்பா தோட்டம்
நாள்: 14.9.1986